அடுத்த பெருநாளுக்கு எந்த ஊரில் இருப்பீர்கள்?

காலை பத்து மணி பத்து நிமிடம். அலுவலகக் கண்ணாடிக் கதவு வழியாக நான் முதலில் பார்த்தது எதிர்ச்சாரியில் நின்ற ஒரு வெள்ளைக் காரை. பின்பக்கக் கண்ணாடி நான்கு விரல் அளவு இறங்கியிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் ஒரு பெண் இருந்தார், இறங்கவில்லை. காரிலிருந்து இறங்கிய இரண்டு பேர் சாலையைக் கடந்து எங்கள் படியேறினார்கள். முன்னால் கறுப்புப் பர்தா அணிந்த, அறுபதை ஒட்டிய ஓர் அம்மாள். பின்னால் அவருடைய கணவர். அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு பாஸ்போர்ட்டுகள். இரண்டுமே அவர்களுடையவை அல்ல.

தூத்துக்குடியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தின் விசா பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அந்த மேசையில் இருக்கும் பெண்கள் அடிக்கடி போன் செய்கிறார்கள். விண்ணப்பங்கள் கைபேசிக்குப் போய்விட்டன. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் எது சீக்கிரம் கிடைக்குமோ அதைத் தட்டிவிட்டு ஜனங்கள் விமானம் ஏறிவிடுகிறார்கள். “எல்லாரும் டூரிஸ்ட்னு போட்டுட்டுப் போயிருதாக அக்கா. அங்க போய் மாட்டிக்கிட்டதும் நமக்குத்தான் போன் அடிக்காக. நீங்க எப்படிக் கேட்டு எழுதுவீங்கன்னு ஒருதடவை எழுதித் தாங்களேன்” என்றாள் ஒருத்தி. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் விசா படித்து இந்த வேலைக்கு வரவில்லை. அதற்கு முன் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். யார், எங்கே, எப்போது என்பது தவறாக இருந்தால், மீதிச் செய்தி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் குப்பைதான் என்பதை அங்கே படித்தேன். டிராவல்ஸ் முதலாளி என்னை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று பின்னால் சொன்னார். டிக்கெட் போட ஆள் கிடைக்கும், சந்தேகப்பட ஆள் கிடைக்காது என்றார்.

முதலாளி சாத்தான்குளத்துக்காரர். ஊழியர்கள், வாடிக்கையாளர்கள், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். வாடிக்கையாளர் முன் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விசா மேசைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தார். யார் பாஸ்போர்ட்டோ அவர்தான் அதில் உட்கார வேண்டும். அப்பா, மாமனார், மச்சான், காசு கட்டுகிறவர் எல்லோருக்கும் சுவரோரம் பெஞ்சு. விண்ணப்பத்தை முதலில் பென்சிலில்தான் நிரப்பச் சொல்வார். பெயர், பிறந்த ஊர், முகவரி என்று எல்லாம் முடிந்த பிறகே நோக்கம் என்ற கட்டம். அதற்கு முன் ஒரு கேள்வி உண்டு.

எதற்காகப் போகிறீர்கள் என்று அவர் கேட்கமாட்டார். அப்படிக் கேட்டால் எல்லோரும் சும்மா பார்த்துவிட்டு வரத்தான் என்பார்கள். எவ்வளவு நாள் என்றும் கேட்கமாட்டார். எவ்வளவு சொன்னால் கிடைக்கும் என்று திருப்பிக் கேட்பார்கள். கடலோரத்துக் கிறிஸ்தவர் என்றால், வருகிற மாதா திருவிழாவுக்கு எந்த ஊரில் இருப்பீர்கள் என்பார். சாத்தான்குளம், ஆழ்வார்திருநகரிப் பக்கத்து ஆள் என்றால் பொங்கலுக்கு. காயல்பட்டினத்துக்காரர் என்றால் பெருநாளைக்கு. விசா விஷயத்தில் கணக்குப் போட்டுப் பேசுகிற மனிதர்கள்கூடத் திருவிழா விஷயத்தில் கணக்குப் போடுவதில்லை. “திருவிழாவுக்கு இங்கதான் அண்ணாச்சி” என்று ஒருவர் யோசிக்காமல் சொன்னால் அவர் திரும்பி வருகிறவர். “அங்கனயே ஒரு கோயில் இருக்காம்” என்று இழுத்தால் அவர் தங்கப் போகிறவர். அதற்குப் பிறகுதான் எந்த விசா என்ற பேச்சு.

இது முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் நீண்டகாலம் குடியிருக்க அனுமதி கேட்கிறவர், பெரும்பாலான நாடுகளில், அந்த அனுமதிக்கு வழிவிடும் விசாவோடுதான் உள்ளே நுழைய வேண்டும். பார்வையாளராக நுழைந்துவிட்டு, பிடித்துப் போயிற்று, இருந்துகொள்கிறேன் என்றால் பொதுவாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். திரும்பிப் போய் முதலிலிருந்து கேள் என்பார்கள். அடுத்த முறை கேட்கும்போது, போன முறை ஏன் வேறு காரணம் சொன்னாய் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

கப்பலில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. கப்பல் ஏறுவதற்காகக் கொடுத்த விசா கையில் இருக்கும். ஐரோப்பாவில் நர்ஸாக இருக்கும் மனைவியோடு குடித்தனம் பண்ண அதே விசாவில் போகிறேன் என்று வந்து நிற்பார்கள். “ஹாம்பர்க் எனக்கு நம்மூரு மாப்பிள்ளையூரணி மாதிரிக்கா, கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பேன்” என்றான் ஒருவன். நடப்பதற்கு விசா வேண்டாம் தம்பி, இருப்பதற்குத்தான் வேண்டும் என்று சொல்லி, அவனைச் சரியான வரிசையில் நிற்க வைத்தேன். கிடைக்க மாதங்கள் ஆயின. இப்போது அங்கே பேக்கரியில் வேலை பார்க்கிறான்.

வேறோர் இடத்தில் விசா எடுத்த ஒரு குடும்பத்தின் கதையும் எனக்குத் தெரியும். கணவர் கிழக்கு நாடு ஒன்றில் கடை வைத்திருந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பார்வையாளர்களாகப் போய் இறங்கினார்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் மேசைக் கிரைண்டர், இட்லி அரிசி, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ். எப்போது திரும்புவீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, இங்கேதான் இருக்கப் போகிறோம், அதற்கான அனுமதிக்கு இனிமேல் எழுதிக் கொடுக்கிறோம் என்று அந்தப் பெண் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கையிலிருந்த அனுமதிதான் வேறொன்றைச் சொன்னது. கணவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பூங்கொத்தோடு நின்றுகொண்டிருக்க, அடுத்த விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரியான விசா கேட்டு நேரே எங்களிடம் வந்தபோது, கையோடு இருந்த கிரைண்டர் அட்டைப்பெட்டியில் விமான நிலையச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது.

வெள்ளைக் காரில் வந்தவர்களுக்கு வருகிறேன்.

அவர்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். கணவர் ஹஜ் செய்தவர். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரை ஹாஜியார் என்போம். வாலிபத்தில் கொழும்பில் வியாபாரம் செய்தவர். அந்தக் குடும்பத்தின் எந்தப் பயணமும் எங்களைத் தவிர வேறு கைக்குப் போனதில்லை. பாஸ்போர்ட்டுகள் அவருடைய மகள் ஜுலைஹாவுக்கும் ஐந்து வயதுப் பேத்திக்கும் உரியவை. மருமகன் ஹாங்காங்கில் ஒரு மாணிக்கக்கல் வியாபாரியிடம் வேலையில் இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து போவார்.

அந்த ஊர் வழக்கத்தில், கல்யாணம் ஆனதும் பெண் கணவன் வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணைப் பெற்றவர்கள் மகளுக்கென்று வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். ஆண்கள் கடல் தாண்டிப் போவார்கள், வருவார்கள். பெண் தன் வீட்டில் இருப்பாள். ஜுலைஹாவுக்கும் அப்படி ஒரு வீடு இருந்தது. கொத்தனாருக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்று அதைக் கட்டியவர் அவருடைய உம்மா, முன்னால் படியேறி வந்த அந்த அம்மாள்.

உம்மாதான் பேசினார். “இந்தா பாரு புள்ள, பதினாலு நாளைக்கு ஒண்ணு எடுத்துத் தா. விசாவே வேண்டாமாம், கம்ப்யூட்டர்ல பதிஞ்சாப் போதுமாம். அவ போய்ப் பாக்கட்டும். ஒத்து வந்தா அங்கனயே மாத்திக்கிடலாம்னு மருமவன் சொல்லுதாரு. ஒத்து வரலைன்னா அவளுக்கு வீடு இருக்கு.”

அவர் சொன்ன அனுமதி உண்மையிலேயே இருக்கிறது. இந்தியர்கள் இணையத்தில் முன்கூட்டிப் பதிந்துவிட்டுப் பதினான்கு நாள் ஹாங்காங்குக்குப் போய்வரலாம். கட்டணம் கிடையாது. அது போய்வருகிறவர்களுக்கு. கணவரோடு தங்கப் போகிறவருக்கு, கணவர் பொறுப்பேற்று முன்னதாகவே வாங்க வேண்டிய குடும்ப விசா வேறு. அதில் நுழைந்தால்தான் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியும். ஏழு ஆண்டு தொடர்ந்து இருந்தால் நிரந்தரமாக இருக்கும் உரிமை கேட்கவும் முடியும்.

பாஸ்போர்ட்டுக்கு உரியவர் வந்திருக்கிறாரா என்று கேட்டேன். காரில் இருக்கிறாள், அவள் எதற்கு, எல்லாம் நாங்கள் சொல்கிறோம் என்றார் உம்மா. இதற்குள் அண்ணாச்சி உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். ஹாஜியாருக்கு சலாம் சொல்லி, டீ கொண்டுவரச் சொன்னார். ஹாஜியார் தயங்கியபடி, சின்ன விஷயம்தான், பதினாலே நாள் என்றார்.

அண்ணாச்சி என் மேசைக்கு முன்னால் பார்த்தார். “நாற்காலி காலியால்லா இருக்கு ஹாஜியார்.”

“ஏன், நான் உக்காந்தா ஆகாதா?” என்றார் உம்மா.

“தாராளமா உக்காருங்க. உங்களுக்கு டிக்கெட் போட்டுத் தாரோம்.”

உம்மா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் சாலையைக் கடந்து காருக்குப் போனேன். ஜுலைஹாவுக்கு இருபத்தெட்டு வயது. நான் யார் என்று சொன்னேன். உள்ளே வந்து உட்கார வேண்டும், ஒரு கேள்வி கேட்பேன், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். அவர் எங்கள் கதவைப் பார்த்தார்.

“உம்மா முன்னாடியா கேப்பீங்க?”

“ஆமா.”

“அப்பக் கேளுங்க” என்று இறங்கினார்.

பென்சிலை எடுத்தேன். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கணவர் பெயர். நோக்கம் என்ற கட்டத்தை விட்டுவிட்டேன். பேத்தியின் விவரங்களையும் எழுதி முடித்தேன். பிறகு, வருகிற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எந்த ஊரில் இருப்பீர்கள் என்று கேட்டேன்.

“எங்கன இருப்பா? அவ வீட்டுலதான்” என்றது பெஞ்சு.

நான் திரும்பவில்லை. அண்ணாச்சி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவரு கூட இருப்பேன்” என்றார் ஜுலைஹா.

“அவரு லீவுல வருவாரு, அதச் சொல்லுதா.”

ஜுலைஹா நாற்காலியோடு திரும்பினார். “இல்ல உம்மா. அங்க. அதுக்கு அடுத்த பெருநாளைக்கும் அங்கதான்.”

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. உம்மாவின் குரல் உயரவில்லை. “அப்ப நான் கட்டுன வீடு?”

“எம் பேர்லதான இருக்கு. அது எங்க போயிரும்?”

ஹாஜியார் இடையில் புகுந்து சமாதானம் செய்யப் பார்த்தார். “நான் கொழும்புல அத்தன வருசம் இருந்தேன். இவ ஒருநா கூட வாரேன்னு கேட்டதில்ல.”

“நீங்க ஒருநா கூட வான்னு கூப்பிட்டதில்ல” என்றார் உம்மா.

ஹாஜியார் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் உம்மாவிடம் விவரத்தைச் சொன்னேன். மகள் தங்கும் எண்ணத்தோடு போவதால் பதினான்கு நாள் பதிவை நான் செய்யமாட்டேன் என்றேன். கிரைண்டர் கொண்டுபோன குடும்பத்துக்கு நடந்ததை ஊர், பெயர் சொல்லாமல் சொன்னேன். குடும்ப விசாவுக்கு மருமகன் அங்கே என்னென்ன கொடுக்க வேண்டும், இங்கிருந்து என்னென்ன போக வேண்டும், சில வாரங்கள் ஆகும் என்பதையும் சொன்னேன். உம்மா எல்லாவற்றையும் கேட்டார். கணவர் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை வாங்கி, மேசைமேல் இருந்த பாஸ்போர்ட்டுகளை அதில் போட்டு, கதவைத் திறந்துகொண்டு போனார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

ஒரு நல்ல வாடிக்கையாளர் குடும்பம் படியிறங்கிப் போயிருந்தது. அண்ணாச்சி ஆறிய டீயை எடுத்துக் குடித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். அவர் போட்ட நாற்காலியை அவரே ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை ஆண்டு ஒருவரிடமே வேலை பார்த்ததற்கு என்ன காரணம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எனக்குக் கவலை வேறு. அந்தப் பதினான்கு நாள் பதிவை யாரும் எந்தக் கைபேசியிலும் செய்துவிடலாம். உம்மா சொன்னால் தெருவில் ஒரு பையன் கால்மணி நேரத்தில் செய்து கொடுத்திருப்பான். ஜுலைஹா குழந்தையோடு அங்கே போய் இறங்கியிருப்பார். அதிகாரி கேட்டிருப்பார். ஜுலைஹாவோ உள்ளதைச் சொல்கிற பெண் என்பதை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

அடுத்த வாரம் உம்மா தனியாக ஆட்டோவில் வந்தார். யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பெட்டியத் தொறந்து பாப்பாங்கன்னு சொன்னியே. எம் மவ பெட்டியவுமா?”

“சந்தேகம் வந்தா பாப்பாங்க.”

“அத்தன பேரு முன்னாடியா?”

“ஆமா.”

“அவ களவாண்டா வந்தா, எல்லாரும் பாக்கப் பெட்டியத் தொறக்க?” பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். “எது சரியோ அதப் போடு. பொறவு எம் பேரச் சொல்லி யாரும் குறை பேசக்கூடாது.”

உறையை மேசைமேல் வைத்தார்.

வேலை தொடங்கியது. மருமகனிடம் போனில் பேசினேன். அங்கே வந்து மாற்றிக்கொண்ட ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார். ஒருவருக்கு நடந்தது உங்கள் மனைவிக்கும் நடக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அதன்பின் நான் கேட்டதையெல்லாம் அனுப்பினார். வேலைச் சான்று, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம். அதுவரை நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தவர், மனைவி வருவதற்காகத் தனியாக ஒரு சிறிய வீடு பிடித்திருந்தார். இங்கே திருமணப் பதிவுச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் சரியாக இருந்தன. ஒரே ஓர் இடத்தில் நின்றது.

கணவன் மனைவி என்பதற்கு ஆதாரமாகச் சேர்ந்து எடுத்த படங்கள் வைக்க வேண்டும். கைபேசியில் ஏராளமாக இருந்தன. ஆனால் அவை எல்லாம் தகப்பனும் மகளும், அல்லது தாயும் மகளும். கணவனும் மனைவியுமாக இருந்தவை நிக்காஹ் ஆல்பத்தில் மட்டும். அந்த ஆல்பம் உம்மாவின் பீரோவில் இருந்தது. அந்த வீட்டுப் பெண்களின் கல்யாணப் படத்தை வெளி ஆண்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

உம்மாவிடம் ஆல்பத்தைக் கேட்டேன். அதைப் பார்க்கிற ஆபீசர் ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள வழி உண்டா என்றார். இல்லை என்றேன். போய்விட்டார்.

மறுநாள் ஆல்பத்தை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். யாரும் சொல்லாமலே அண்ணாச்சி அலுவலகத்து ஆண்களை அழைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கதவைச் சாத்தினேன். உம்மா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மணப்பெண் தனியாக இருந்தவற்றைத் தாண்டினார். கடைசியில் ஒன்றில் நின்றார். புது வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால், பெண்ணின் தோளில் கைவைத்து நின்றவர் உம்மா. முக்காட்டைச் சரிசெய்ய நேரம் கிடைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

உங்களை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், இருவர் மட்டும் தெரிந்தால் போதும் என்றேன்.

“வேண்டாம். இருக்கட்டும்” என்றார். “பெத்தவ சம்மதத்தோடதான் போறாள்னு அந்த ஆபீசருக்கும் தெரியட்டும்.”

ஸ்கேன் செய்து மருமகனுக்கு அனுப்பினேன். உம்மாவின் கண்முன்னாலேயே எங்கள் கணினியிலிருந்து அழித்தேன்.

“அழிச்சாச்சா?”

“அழிச்சாச்சும்மா.”

“அந்தக் குப்பைத்தொட்டிக்குள்ள கெடக்குமே, அதுலயும்?”

அதிலும் அழித்துக் காட்டினேன். மகன் வழிப் பேரன் சொல்லிக் கொடுத்தானாம். துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

நான் நிரப்பிய விண்ணப்பங்களில் திருத்தம் கேட்டு வந்தவை உண்டு, தாமதமானவை உண்டு. ஆனால் தங்கப் போகிறவரைப் பார்வையாளர் என்று நான் எழுதியதில்லை. என் மேசையிலிருந்து போன எந்தப் பெண்ணும் அந்நிய ஊர் விமான நிலையத்தில் தன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தலைகுனிந்ததில்லை. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். இப்போது மேசையில் இருக்கும் பெண்களும் அந்த நாற்காலியை ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். ஆளே வராமல் வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் வரும் காலம் இது. அப்படி வந்தால் போன் போட்டு, யார் பாஸ்போர்ட்டோ அவரிடமே பேச வேண்டும் என்று கேட்கிறார்கள்.

சில வாரங்களில் ஜுலைஹாவுக்கும் குழந்தைக்கும் குடும்ப விசா வந்தது. இரண்டையும் அச்செடுத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்துக் கொடுத்தேன். தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை, அங்கிருந்து ஹாங்காங். போய் இறங்கிய அன்று ஜுலைஹா, குடியேற்ற மேசையில் தனக்குக் கொடுத்த சிறிய சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். கணவருக்கு அனுமதி எந்தத் தேதிவரை இருந்ததோ, அதே தேதி அதிலும் இருந்தது. பெட்டியை யாரும் திறக்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

அவர்கள் கிளம்பிய நாளில் விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்பியவர் ஹாஜியார் மட்டும். உம்மா வரவில்லை. அன்று காலை மகள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டிருந்தார்.